மூன்று நாள் லீவு, மூன்று கடலோர ஊர்கள்: மாமல்லபுரமா, புதுச்சேரியா, தரங்கம்பாடியா?

ஜனவரி பிறந்ததும் காலண்டரைப் புரட்டி எங்கே மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வருகிறது என்று பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். பார்த்த கையோடு பேச்சு கடல் பக்கம் திரும்பிவிடும். தங்கை வீட்டு மாப்பிள்ளை புதுச்சேரி என்பார், அம்மா கோயில் உள்ள ஊராக இருக்கட்டும் என்பார், பிள்ளைகளுக்குத் தண்ணீரில் கால் வைத்தால் போதும், எனக்கு நல்ல மீன் வேண்டும். குரோம்பேட்டையிலிருந்து காரிலும் பஸ்ஸிலும் ரயிலிலுமாக மாமல்லபுரம், புதுச்சேரி, தரங்கம்பாடி மூன்றுக்கும் பலமுறை போய்த் தங்கி வந்துவிட்டோம். எந்தக் கடற்கரை நல்ல கடற்கரை என்று பேச ஆரம்பித்தால் ராத்திரி முழுக்கப் பேசலாம், முடிவு வராது. யார் யார் வருகிறார்கள், எத்தனை ராத்திரி தங்குகிறோம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்ன செய்யப்போகிறோம் என்று மூன்று கேள்வி கேட்டுக்கொண்டால் ஊர் தானாக முடிவாகிவிடும்.

ஆறு மணி என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்முடையது கிழக்குக் கடற்கரை. சூரியன் கடலிலிருந்து எழும், கடலில் மறையாது. கேரளா, கோவா பக்கம் போய்ப் பழகியவர்கள் சாயங்காலம் கடலோரம் உட்கார்ந்து அஸ்தமனத்துக்காகக் காத்திருப்பார்கள், இங்கே அது முதுகுப் பக்கம் நடந்து முடிந்துவிடும். ஆறரைக்குக் கடல் கறுத்துப்போகும். அதற்குப் பிறகு தூங்கப் போகும் வரை மூன்று நான்கு மணி நேரம் இருக்கிறது, அந்த நேரத்தில்தான் மூன்று ஊரும் மூன்று விதமாக இருக்கின்றன.

ராமேஸ்வரமும் கன்னியாகுமரியும் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். இரண்டும் போக வேண்டிய ஊர்கள்தான், 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ராமேஸ்வரத்துக்கு மறுபடி ரயிலிலேயே போய் இறங்கலாம். ஆனால் சென்னையிலிருந்து போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி. மூன்று நாளில் அது கட்டுப்படியாகாது. ஐந்து நாள் கிடைத்தால் அவற்றைப் பாருங்கள்.

அப்புறம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது எனக்கு முக்கியம். இந்த மூன்று ஊர்களிலும் ஊருக்கு நேர் எதிரே இருக்கும் கடல் குளிப்பதற்கான கடல் இல்லை. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலை ஒட்டிப் பாறையும் கொட்டி வைத்த கருங்கல்லும், அலையின் இழுப்பும் அதிகம். புதுச்சேரி பீச் ரோட்டில் பெரும்பகுதி கருங்கல்தான், 2018 வாக்கில் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு தலைமைச் செயலகத்தின் பக்கம் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது, அது உட்கார்ந்து காற்று வாங்கத்தான். தரங்கம்பாடியில் கோட்டைக்கு முன்னால் மணல் இருக்கிறது, ஆனால் பக்கத்திலேயே தடுப்புக் கற்கள். கரையில் நின்று முழங்கால் நனைக்கலாம், அதற்கு மேல் பிள்ளைகளை விடாதீர்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையும் இந்தக் கரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பிள்ளைகள் தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டும் என்றால் மாமல்லபுரம் போகும் வழியில் கோவளம், புதுச்சேரிக்குத் தெற்கே சின்ன வீராம்பட்டினத்தில் உள்ள ஈடன் பீச், இந்த இரண்டையும் பாருங்கள். சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குக் கொடுக்கும் சர்வதேச நீலக்கொடிச் சான்று இரண்டுக்கும் 2021-ல் கிடைத்தது. அங்கேயும் உயிர்காப்பாளர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, கொடி நட்ட இடத்துக்குள் மட்டும் இறங்குங்கள்.

சரி, ஊர்களுக்கு வருவோம்.

மாமல்லபுரம் பக்கத்து ஊர். சென்னையிலிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டர், மாநகர பஸ்ஸே போகிறது. பக்கத்தில் இருப்பதுதான் அதன் பலம், பலவீனமும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போனால் கடற்கரைக் கோயிலைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் சிற்பம் எதுவும் கண்ணில் படாது, வெயில் பாறையில் பட்டு முகத்தில் அடிக்கும், அம்மா மாதிரி முழங்கால் வலி உள்ளவர்கள் பாதியில் உட்கார்ந்துவிடுவார்கள். காணும் பொங்கல் அன்று அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஆனால் அதே ஊருக்கு முதல் நாள் சாயங்காலமே போய்த் தங்கி, காலை ஆறு மணிக்கு டிக்கெட் வாங்கி உள்ளே போங்கள். இந்தியர்களுக்கு 40 ரூபாய், பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம், அதே டிக்கெட்டில் ஐந்து ரதமும் பார்க்கலாம். ராஜசிம்மன் என்கிற இரண்டாம் நரசிம்மவர்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கோயில், கடலிலிருந்து வரும் முதல் வெளிச்சம் அதன்மேல் விழும்போது கல் சாம்பல் நிறத்திலிருந்து மெல்லத் தேன் நிறமாகும். அந்த அரை மணி நேரத்துக்காகவே ஒரு ராத்திரி அறை வாடகை கொடுக்கலாம். ஏழரைக்குள் அதை முடித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் அர்ச்சுனன் தபசு என்கிற பெரிய பாறைச் சிற்பத்துக்கும் அதன் பக்கத்தில் இருக்கும் கிருஷ்ண மண்டபத்துக்கும் வந்துவிடுங்கள். மண்டபத்தின் உள்சுவரில் ஒருவர் குந்தி உட்கார்ந்து பால் கறக்கிறார், பசு தலையைத் திருப்பித் தன் கன்றை நக்கிக்கொடுக்கிறது. பசுவின் நாக்கு கன்றின் முதுகில் அழுந்தியிருப்பதைக்கூடச் செதுக்கியிருக்கிறார்கள். எங்கள் தாத்தா வீட்டில் மாடு இருந்தது. அம்மா அதன் எதிரே பத்து நிமிஷம் நின்றுவிட்டு, ‘இவன் பால் கறந்து பார்த்தவன்டா’ என்றார். ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் இருந்த சிற்பியைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் மாமல்லபுரம் நடுத்தரம். ஒத்தவாடைத் தெருவில் வாசலிலேயே தட்டில் ஐஸ் போட்டு மீன், இறால், நண்டு என்று பரப்பி வைத்திருப்பார்கள், நாம் காட்டுவதைச் சமைத்துத் தருவார்கள். வெளிநாட்டுப் பயணிகளுக்காக வளர்ந்த தெரு, அதனால் பான்கேக், பாஸ்தா, ஜூஸ் எல்லாம் கிடைக்கும், பிள்ளைகளுக்குச் சந்தோஷம். ஆனால் விலையை முன்னாலேயே பேசிவிட வேண்டும். ஒரு தடவை ஒரு கடையில் வஞ்சிரம் என்று தட்டில் காட்டிய மீனுக்கு எடை போடாமலே சரி என்று சொல்லிவிட்டோம், வந்தது வேறு மீன், பில் மட்டும் வஞ்சிரத்துக்கு. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடே கசந்துவிட்டது. எடை போட்டு, கிலோவுக்கு எவ்வளவு, மசாலா சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்ட பிறகு சமைக்கச் சொல்லுங்கள். சைவச் சாப்பாட்டுக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் சாதாரண ஹோட்டல்கள் போதும். சாயங்காலத்துக்கு மேல் அந்த ஒரு தெருதான், எட்டு மணிக்கு அதையும் நடந்து முடித்துவிடுவீர்கள். சிற்பப் பட்டறைகளின் உளிச்சத்தம் ஓய்ந்த பிறகு ஊர் சீக்கிரம் அடங்கிவிடும்.

அதனால் என் கணக்கில் மாமல்லபுரம் ஒரு ராத்திரிக்கான ஊர். பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணையைச் சேர்த்துக்கொள்ளுங்கள், 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது, எங்கள் பையனுக்கு ஐந்து ரதத்தைவிட அதுதான் ஞாபகம் இருக்கிறது. வடக்கே சாளுவன்குப்பம் புலிக்குகையும் நல்ல இடம், மரநிழல் உண்டு, கூட்டம் குறைவு, பக்கத்திலேயே 2004 சுனாமிக்குப் பிறகு தோண்டி எடுத்த செங்கல் முருகன் கோயிலின் அடித்தளம் இருக்கிறது. இரண்டு ராத்திரி தங்கும் அளவுக்கு அங்கே வேலை இருப்பது மாசி மகத்துக்கு மட்டும்தான். அந்தப் பௌர்ணமிக்கு இருளர் குடும்பங்கள் கடற்கரை மணலில் கூடாரம் போட்டுத் தங்கி, கன்னியம்மனைக் கும்பிட்டு, விடியலில் கல்யாணம்கூட முடிப்பார்கள். அது அவர்களுடைய வழிபாடு, முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாமல் தள்ளி நின்று பார்க்க முடிந்தால் போங்கள்.

புதுச்சேரி இதற்கு நேர் எதிர். அங்கே ஆறு மணிக்குத்தான் ஊரே விழிக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு பீச் ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், மறுநாள் காலை வரை அந்த ரோடு முழுக்க நடப்பவர்களுக்குத்தான். காந்தி சிலைக்கு முன்னால் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும், சுண்டல்காரர் வருவார், கருங்கல் மேல் அலை அடித்துத் தெறிக்கும் உப்புத்துளி கன்னத்தில் படும். அம்மாவைச் சமதளத்தில் இவ்வளவு தூரம் கடலோரமாக நடக்கவைக்க எனக்குத் தெரிந்து வேறு ஊர் இல்லை. நடந்து களைத்தால் பழைய துறைமுக அலுவலகக் கட்டடத்தில் இருக்கும் லே கஃபேயில் கடலைப் பார்த்தபடி உட்காரலாம், அரசு சுற்றுலாத் துறையினுடையது. காபி சுமார்தான், இடத்துக்காகத்தான் போக வேண்டும். நல்ல ஃபில்டர் காபி வேண்டுமென்றால் நேரு வீதியில் தொழிலாளர் கூட்டுறவு நடத்தும் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது.

சாப்பிட என்று மட்டும் ஒரு ஊருக்குப் போவதானால் புதுச்சேரிதான், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் வெள்ளை நகரம் என்கிற பழைய பிரெஞ்சுப் பகுதியில் மஞ்சள் சுவர் போட்ட ரெஸ்டாரன்ட்டுகளில் ஒரு வேளைக்கு ஒரு நாள் பட்ஜெட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஒரு வேளை போங்கள், பிள்ளைகளுக்கு அந்த முற்றமும் போகன்வில்லாவும் பிடிக்கும். மிச்ச வேளைகளைக் கால்வாய்க்கு இந்தப் பக்கம், தமிழர் பகுதியில் சாப்பிடுங்கள். காலையில் பேக்கரி வாசலில் நீளமான பிரெஞ்சு ரொட்டி சூடாக வரும் நேரம் கேட்டுவைத்துக்கொண்டு போய் வாங்கினால், மேல்தோல் நொறுங்கி உள்ளே ஆவி வரும், அதைப் பிய்த்து வெண்ணெய்கூட இல்லாமல் ரோட்டில் நின்றபடியே தின்றுவிடலாம். மதியம் மெஸ்ஸில் வடகம் தாளித்த மீன்குழம்பு. வெங்காயமும் பூண்டும் பருப்பும் சேர்த்து உருட்டிக் காயவைக்கும் அந்த வடகம்தான் கடல் தாண்டி பிரான்ஸ் போய் வாடூவான் என்ற பெயரில் அங்கே சமையலறைகளில் உட்கார்ந்திருக்கிறது. பெரிய மார்க்கெட்டில் அதை வாங்கிக்கொண்டு வாருங்கள். ஃப்ரிட்ஜ் காந்தத்தைவிட அது நல்ல நினைவுப்பொருள், ஆறு மாசம் வரும்.

குடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், மாப்பிள்ளை புதுச்சேரி என்பதற்கு அதுவும் ஒரு காரணம். யூனியன் பிரதேசம் என்பதால் மது வரி வேறு, விலை குறைவு, உட்கார்ந்து குடிக்க நாகரிகமான இடங்களும் உண்டு, குடும்பத்தோடு போய்ச் சாப்பிடும் இடத்திலேயே ஒருவர் ஒரு பியர் எடுத்துக்கொண்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அங்கேயே முடித்துவிடுங்கள். மலிவு என்று பாட்டில் வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டு தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால் சோதனைச் சாவடியில் பிடிப்பார்கள், வண்டியும் சேர்ந்து மாட்டும். குடித்துவிட்டு ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி எடுப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை, அந்த ரோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பார்ப்பதற்கும் அங்கே குறைவில்லை. மணக்குள விநாயகர் கோயிலில் லட்சுமி யானை 2022 நவம்பரில் இறந்துபோனது, அம்மாவுக்கு அந்த வாசலில் நிற்கும்போது இன்னும் கண் கலங்கும். ஆரோவில்லில் மாத்ரி மந்திர் என்கிற தியான மண்டபத்தைத் தூரத்திலிருந்து பார்க்கும் இடம் வரை மரநிழலில் நடந்து போகலாம், உள்ளே உட்கார வேண்டுமென்றால் முன்பதிவு செய்ய வேண்டும், அதைத் தெரிந்துகொள்ளாமல் போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் நிறைய. 1908 முதல் 1918 வரை பாரதியார் வாழ்ந்த ஊர் இது, ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் இருந்த வீடு நினைவகமாக இருக்கிறது. பாரதிதாசன் வீடு பெருமாள் கோயில் தெருவில். வெள்ளை நகரத்துச் சுவர்களுக்கு முன்னால் நின்று நூறு படம் எடுக்கிற நேரத்தில் ஒரு அரை மணி நேரத்தை இந்த இரண்டு வீடுகளுக்கு ஒதுக்குங்கள் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிரச்சினை என்னவென்றால் கூட்டம். வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து சென்னையும் பெங்களூரும் அங்கே வந்து இறங்கிவிடும். அறை வாடகை எகிறும், வண்டி நிறுத்த இடமிருக்காது, நல்ல சாப்பாட்டுக் கடை வாசலில் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று லீவைத் தள்ளிப்போட முடிந்தால் அதே ஊர் வேறு ஊராக இருக்கும்.

மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரிக்கு ஈசிஆரில் போகும் வழியே ஒரு சுற்றுலாதான், அதை பைபாஸ் மாதிரி ஓட்டிக் கடந்துவிடாதீர்கள். கடப்பாக்கம் பக்கம் ஆலம்பரைக் கோட்டை, இடிந்த சுவரும் கழிமுகமும் மட்டும்தான், ஆனால் படகில் உப்பங்கழியைச் சுற்றலாம். மரக்காணம் உப்பளங்கள் ரோட்டோரம் வெள்ளையாக மின்னும். ஏப்ரல் மே என்றால் ரோட்டோரத்தில் நுங்கும் பதநீரும் கிடைக்கும், அந்த வெயிலில் பாட்டில் குளிர்பானம் எதுவும் அதன் பக்கத்தில் வராது.

இங்கே மீனைப் பற்றி ஒரு விஷயம், மூன்று ஊருக்கும் பொருந்தும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் முட்டையிடும் காலம் என்பதால் அது தேவையான தடைதான். பள்ளிக்கூட லீவும் அதே நேரம்தான் வருகிறது. அப்போது பெரிய வஞ்சிரமும் வவ்வாலும் கேட்டால் பெரும்பாலும் ஐஸில் பயணம் செய்து வந்ததாக இருக்கும், மேற்குக் கரையில் தடை ஜூன் 1-ல்தான் தொடங்கும் என்பதால் மே மாதத்தில் அங்கிருந்து வரும், விலையும் கூடுதல். அந்த மாதங்களில் போனால் வஞ்சிரத்தைக் கேட்காதீர்கள், ஃபைபர் படகில் கரையோரம் பிடித்துவரும் சின்ன மீன் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். நெத்திலி, கிழங்கான், காரப்பொடி, மத்தி, நண்டு. ருசியில் இவை எந்த விதத்திலும் இரண்டாந்தரம் இல்லை.

சின்ன மீன் என்று சொன்னதும் எனக்குத் தரங்கம்பாடிதான் ஞாபகம் வருகிறது. மூன்றில் என் மனசு அங்கேதான் இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டிய மாசிலாமணிநாதர் கோயில் கடலோரம் நிற்கிறது. கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டுவிட்டது. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டென்மார்க்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை கொஞ்சம் தள்ளி. 1706 ஜூலையில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கிய கரை அதுதான், அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் இங்கே அச்சாகி வெளிவந்தது. 1845-ல் டென்மார்க்காரர்கள் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நகர வாயிலிலிருந்து ராஜ வீதி வழியாகக் கோட்டைக்கு நடந்து போனால் பத்து நிமிஷம்கூட ஆகாது, அந்தப் பத்து நிமிஷத்தில் இரண்டு தேவாலயங்கள், கவர்னர் பங்களா, பழைய வீடுகள் எல்லாம் வந்துவிடும். அம்மாவால் உட்கார்ந்து உட்கார்ந்து முழு ஊரையும் நடந்தே பார்க்க முடிந்தது. ஆட்டோ பேரம் இல்லை, பார்க்கிங் சண்டை இல்லை.

போன தடவை இரண்டாம் நாள் காலை ஆறரை மணிக்கு நானும் பையனும் கோட்டைக்கு வடக்கே நடந்து போனோம். ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாக மணலில் ஏறிக்கொண்டிருந்தன. வலையிலிருந்து மீனைப் பிரித்துப் பிரித்துப் போட, அலுமினியக் கூடையோடு வந்த பெண்கள் பங்கு பிரித்துக் கூறு கட்டினார்கள். ஒரு அம்மாவிடம் சங்கரா கூறு எவ்வளவு என்று கேட்டேன். விலையைச் சொல்வதற்கு முன்னால் ஒரு மீனை எடுத்துச் செவுளை விரலால் நிமிர்த்தி, ‘செவுளைப் பாருங்க தம்பி, அப்புறம் வெலயப் பேசலாம்’ என்றார். உள்ளே செம்பருத்தி நிறம். பையன் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்கு மீன் என்றால் அதுவரை தட்டில் இருப்பதுதான். அந்த அம்மாவே அங்கேயே ஆய்ந்து கொடுத்தார், பொறையாறில் ஒரு சின்ன மெஸ்ஸில் கொடுத்து மதியம் பாதியைப் பொரித்தும் பாதியைக் குழம்பாகவும் வாங்கிக்கொண்டோம். இந்த மூன்று ஊரிலும் நான் சாப்பிட்டதில் அதற்கு ஈடு இல்லை, மொத்தச் செலவு புதுச்சேரியில் ஒரு ஆளுக்கு ஆகும் சாப்பாட்டுச் செலவைத் தாண்டவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், நம்பி வந்துவிட்டுத் திட்டக்கூடாது. தரங்கம்பாடிக்குள் நல்ல சாப்பாட்டுக் கடைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். தங்குமிடங்களும் அப்படியே: கடலைப் பார்த்த பழைய பங்களா ஒன்று, தமிழ்நாடு ஹோட்டல், இன்னும் சில சின்ன விடுதிகள். லீவு நாட்களுக்கு ஒன்றரை இரண்டு மாசம் முன்னாலேயே பேசிவைக்க வேண்டும். கோட்டை வெளியில் நிழலே இல்லை, பதினோரு மணிக்கு மேல் நிற்க முடியாது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் கடல் சத்தத்தைத் தவிர எதுவும் கிடையாது. அதுவே எனக்கு வேண்டியது, ஆனால் காலேஜ் முடித்த நாலு பையன்கள் சேர்ந்து போனால் அரை நாளில் சலித்துவிடும். காலாற உட்கார்ந்து ஒரு பியர் குடிக்க வேண்டும் என்றாலும் பதினைந்து கிலோமீட்டர் தெற்கே காரைக்கால் போக வேண்டும், அது புதுச்சேரியைச் சேர்ந்தது. ஆனால் காரைக்காலுக்குப் போக அதைவிட நல்ல காரணம் சாயங்காலம் சுடச்சுடப் போடும் இறால் வாடா. அரிசிமாவு, வெங்காயம், மேலே ஒரு இறால், எண்ணெயிலிருந்து எடுத்த ஐந்து நிமிஷத்துக்குள் தின்றுவிட வேண்டும்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் அந்தப் பக்கம் கஷ்டமில்லை, எட்டு கிலோமீட்டரில் திருக்கடையூர் இருக்கிறது. அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் தினமும் நடக்கிற ஊர் என்பதால் இலைச் சாப்பாடும் டிபனும் கைதேர்ந்தவர்கள் செய்வது. அம்மாவுக்கு அபிராமி தரிசனம், எங்களுக்கு ரவா தோசை. இன்னும் ஒரு அரை நாள் இருந்தால் பூம்புகார், அல்லது தெற்கே நாகூரும் வேளாங்கண்ணியும். ஒன்றை எடுத்தால் போதும், எல்லாவற்றையும் ஒரே நாளில் திணித்தால் காரிலேயே நாள் போய்விடும்.

போவதற்கு ரயில்தான் நல்லது. சோழன், உழவன் மாதிரி ரயில்களில் மயிலாடுதுறையில் இறங்கி, பஸ்ஸோ காரோ பிடித்தால் முப்பது கிலோமீட்டர். ஒரு காலத்தில் அங்கிருந்து தரங்கம்பாடி வரைக்குமே ரயில் ஓடியது, 1986-ல் நிறுத்திவிட்டார்கள். மயிலாடுதுறையில் இறங்கியதும் மாயவரம் காளியாகுடி ஹோட்டலில் காபி குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் எனக்கு இப்படித் தோன்றுகிறது. ஒரே ஒரு ராத்திரிதான் கிடைக்கிறது, சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் மாமல்லபுரம், அதுவும் வெயிலுக்கு முன்னால் கோயில் என்ற நிபந்தனையோடு. புதுசாகக் கல்யாணமானவர்கள், நண்பர்கள் கூட்டம், விதவிதமாகச் சாப்பிட வேண்டும், ராத்திரி பத்து மணிக்கும் ரோட்டில் ஆள் நடமாட்டம் வேண்டும் என்பவர்கள் யோசிக்காமல் புதுச்சேரி போங்கள், முடிந்தால் வார நாளில். வயதானவர்களோடு மூன்று தலைமுறை சேர்ந்து போகிறீர்கள், இரண்டு ராத்திரி முழுசாக இருக்கிறது, யாரும் எங்கேயும் ஓட வேண்டாம் என்றால் தரங்கம்பாடி. புதுச்சேரியையும் தரங்கம்பாடியையும் ஒரே பயணத்தில் சேர்க்கலாமா என்று தங்கை கேட்டாள். நடுவில் 120 கிலோமீட்டர், கடலூர், சிதம்பரம், சீர்காழி வழி. நான்கு நாள் இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம், வழியில் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில் படகில் போகலாம். மூன்று நாளில் வேண்டாம், இரண்டு ஊரும் கைக்கு எட்டாமல் போகும்.

மாதம் என்று பார்த்தால் ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை மூன்றுக்கும் நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், கடல் கொஞ்சம் தணிந்திருக்கும், படகுகளும் கடலுக்குப் போகும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும், அட்வான்ஸ் திரும்பத் தருவார்களா என்று கேட்டுக்கொண்டு அறை போடுங்கள்.

இந்தத் தடவை வீட்டில் முடிவாகிவிட்டது. பிப்ரவரி, தரங்கம்பாடி, இரண்டு ராத்திரி, பௌர்ணமியை ஒட்டி. அஸ்தமனம் கிடையாதே என்று மாப்பிள்ளை குறைப்பட்டார். கிழக்குக் கடற்கரையில் பௌர்ணமி அன்று சூரியன் முதுகுப் பக்கம் இறங்கும் நேரத்தில் நிலா கடலிலிருந்து சிவப்பாக எழும் என்று சொன்னேன். அவர் அதைப் பார்த்ததில்லையாம். கோட்டைச் சுவர் பக்கம் ஆறு மணிக்கே இடம் பிடித்து உட்கார்ந்துவிட வேண்டும், அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப்போக வேண்டும்.